எஞ்சினை நிறுத்தச் சொன்ன பிறகு

தம்பிக்கு வாங்க ஒரு பழைய படகை ஓட்டிப் பார்க்க, காலை ஐந்தே முக்காலுக்கு நாங்கள் போய் இறங்கியபோதே கடற்கரையில் டிராக்டர் தயாராக நின்றது. அதற்கு முன்னால், அலை வந்து தொடுகிற ஈர மணலில் படகு. நமக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று விற்பவர் எவ்வளவு ஏற்பாடு செய்திருக்கிறார் பார் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரிலும் டிராக்டர் உண்டு. ஆனால் அது படகைக் கரையேற்றத்தான். இறக்குவதற்கு மணல் சரிவே பாதி வேலையைச் செய்துவிடும். ஏழெட்டுப் பேர் தோள் கொடுத்தால் 28 அடி ஃபைபர் படகு உருளையில் வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விடும். இறக்குவதற்கு எதற்கு டிராக்டர் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைய காலையில் பாதி மிச்சமாகியிருக்கும். மீனவன் வீட்டில் பிறந்துவிட்டுக் கடையில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவன் நான். எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டிய என் தம்பியோ படகை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.

தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தம்பி 11 வருடமாக அடுத்தவர் படகில் பங்குக்குப் போகிறவன். டீசலும் ஐஸும் கழித்து, படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு போக மிச்சமிருப்பதை ஆள்கள் பிரித்துக்கொள்வார்கள். நல்ல மீன்பாடு கிடைத்த நாளில்தான் அந்தப் படகுப் பங்கு அவன் கண்ணை உறுத்தும். புதிதாக ஃபைபர் செய்து எஞ்சின் மாட்டி இறக்க 6 லட்சம் கேட்டார்கள். எங்களிடம் இருந்தது 3 லட்சம். அதில் 2 லட்சம் தம்பி மனைவியின் நகையை வைத்து வாங்கியது. அந்தப் பணம் கைக்கு வந்த நாளிலிருந்து வட்டியும் கூடவே நடந்துகொண்டிருந்தது. ஆகவே பழைய படகு. ஒரு தரகர், நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஓர் ஊரில் எஞ்சினோடு சேர்த்து 2,80,000 ரூபாய்க்கு ஒன்று இருக்கிறது என்றார். தம்பி தனியாகப் போய்க் கரையிலேயே பார்த்துவிட்டு, 10,000 முன்பணமும் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் எங்களுக்கே சொன்னான்.

மாதம் மே. இதையும் அப்போது யாரும் யோசிக்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன்னால் 45 நாள், இப்போது 61 நாள். பெரிய விசைப்படகுகளெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். எங்கள் பக்கம் கடலுக்குப் போவது ஃபைபர் படகுகள்தான். சந்தைக்கு மீன் வரத்துக் குறைவு, விலை ஏறி நிற்கும். ஃபைபர் வைத்திருப்பவனுக்கு வருடத்தில் கை நிறைய காசு பார்க்கிற இரண்டு மாதம் அது. அந்த இரண்டு மாதத்தில் ஓடுகிற படகை எவனாவது விற்பானா? வீட்டில் அவசரம் என்று சொன்னார்கள். அவசரம் யாருக்கும் வரும்தான். ஆனால் படகைக் கடலுக்கு அனுப்பாமல் கரையில் வைத்து வர்ணம் அடித்துக்கொண்டிருக்கிற அவசரம் கொஞ்சம் விசித்திரமானது.

சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனது நான். 62 வயது, வாயைத் திறந்தால் நாலு வார்த்தைக்கு மேல் வராது. சுனாமிக்குப் பிறகு 2005-இல் அவருக்கும் ஒரு நிவாரணப் படகு கிடைத்தது. அப்போது எங்கள் கடற்கரை முழுக்க ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள்; ஆனால் அவ்வளவு படகையும் அவ்வளவு வேகத்தில் செய்ய, முன்பின் படகு செய்திராத பட்டறைகளும் இறங்கின. சித்தப்பாவின் படகு இரண்டாம் வருடமே அடிப்பகுதியில் விரிந்துவிட்டது. கண்ணாடி இழை மேட் இரண்டு அடுக்கு வைக்க வேண்டிய இடத்தில் ஓர் அடுக்கு, பிசின் ஊறாத இடங்கள். அதிலிருந்து எந்த ஃபைபரைப் பார்த்தாலும் சட்டைப் பையிலிருந்து ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்ப்பது அவருக்குப் பழக்கம்.

அன்றும் தட்டினார். அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, ஆரம்பித்து இரண்டு பக்கமும், ஒரு சாண் விட்டு ஒரு சாண். நல்ல ஃபைபரில் காசு பட்டால் “டிக்” என்று கறாராகக் கேட்கும். அடுக்குகள் விட்டுப்போயிருந்தாலோ உள்ளே தண்ணீர் ஊறியிருந்தாலோ முதிராத தேங்காயைத் தட்டின மாதிரி ஒரு மொத்தைச் சத்தம். முன்பக்கமெல்லாம் “டிக், டிக்”. பின்பக்கம், கடைசி ஏழெட்டு அடியில், சத்தம் இறங்கியது.

“உள்ள தெர்மாகோல் அடைச்சிருக்குண்ணே. அதான் அப்பிடிக் கேக்குது” என்றார் விற்பவர்.

அது பொய்யில்லை. படகு கவிழ்ந்தாலும் மிதக்க வேண்டும் என்று தளத்துக்கு அடியில் தெர்மாகோல் அடைத்துத்தான் மூடுவார்கள். ஆனால் முன்பக்கத்திலும் அதே தெர்மாகோல்தானே அடைத்திருக்கிறது? சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. காசைப் பையில் போட்டுக்கொண்டார்.

படகு பார்க்க அழகாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நீலமும் வெள்ளையும், வர்ணத்தின் வாசனை இன்னும் போகவில்லை. அந்த வாசனைதான் முதல் எச்சரிக்கை என்று இப்போது சொல்கிறேன். வர்ணம் அடிக்காத படகில் அடிப்பக்கக் கீறல், ஜெல்கோட் என்கிற மேல்பூச்சில் சிலந்தி வலை மாதிரி ஓடும் வெடிப்பு, ஒட்டுப்போட்ட இடம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்கிற கறைக் கோடு, அத்தனையும் தெரியும். அந்தக் கோடு பின்பக்கம் மேலேறியிருந்தால் படகு பின்னால் கனக்கிறது என்று கரையிலேயே சொல்லிவிடலாம். புது வர்ணம் முதலில் அழிப்பது அந்தக் கோட்டைத்தான்.

எஞ்சின், எங்கள் பக்கத்தில் எல்லோரும் மாட்டுகிற லாங் டெய்ல் வகை, நீளத் தண்டின் நுனியில் விசிறி சுழல்வது. ஒற்றை சிலிண்டர் டீசல், பத்துக் குதிரைச் சக்தி, காற்றிலேயே குளிர்வது, கயிறு சுற்றி இழுத்து ஸ்டார்ட் செய்வது. ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் எஞ்சின்மேல் கை வைத்துப் பார்த்தேன். நாங்கள் வந்து கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. எஞ்சினோ ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. ஆனால் கையை வைத்திருக்க முடியாத சூடு.

“இப்பதான் தம்பி ஒரு தடவ போட்டுப் பாத்து வச்சேன். ஒங்கள அலைய விடக் கூடாதுல்ல.”

வயசான டீசல் எஞ்சினின் நோய் தெரிவது அது குளிர்ந்திருக்கும்போதுதான். பிஸ்டன் ரிங் தேய்ந்து அமுக்கம் குறைந்த எஞ்சின் காலையில் பத்துத் தடவை இழுத்தாலும் பிடிக்காது. சூடேறிவிட்டால் சின்னப் பையன் இழுத்தாலும் பிடிக்கும். எனக்கு இது தெரியும். தெரிந்தும், அவர் சொன்ன விதத்தில் இருந்த மரியாதையில் வாயை மூடிக்கொண்டேன்.

உயிர்காப்பு மிதவைச் சட்டை ஒன்றும் படகில் இல்லை. காலி எண்ணெய் கேன் இரண்டு கிடந்தது, “அது போதும்” என்றார்கள். இன்னொருவர் படகை முதல் தடவை எடுத்துக்கொண்டு போகும்போது அது போதாது. பிறகு பார்த்த படகுகளுக்கு நாங்கள் சொந்தச் சட்டை எடுத்துக்கொண்டு போனோம். செல்போனை உறையில் போட்டு, கடலோரக் காவல்படையின் 1554 எண்ணையும் கரையில் நிற்கும் ஒருவரின் எண்ணையும் மேலே வைத்துக்கொண்டோம். அன்று அதுவும் இல்லை.

டிராக்டர் முட்டித் தள்ளப் படகு இறங்கியது. விற்பவர், அவருடைய ஆள் ஒருவர், சித்தப்பா, தம்பி, நான். கடல் தட்டுப் போல் கிடந்தது. மே மாதத்துக் காலையில் அப்படித்தான் இருக்கும். கரைக்காற்று மெல்ல இருக்கும், வெயில் ஏறிக் கடலிலிருந்து கொண்டல் காற்று எழும்பக் காலை பதினோரு மணி ஆகும். ஆறு மணிக்கு வரச் சொன்னது யார்? அவர்தான். “வெயிலுக்கு முன்னாடி முடிச்சிடலாம்” என்று சொல்லியிருந்தார். அதுவும் எங்கள் நன்மைக்காகவே.

அலை உடைகிற அலைவாயில் இரண்டு அலை. முதல் அலையில் அணியம் தூக்கியது, சரி. இரண்டாவது அலைக்கு அது தூக்குவதற்கு ஒரு கணம் தாமதித்தது. தாமதம் என்றால், கண் இமைக்கிற நேரம். அந்த ஒரு கணத்தில் அலையின் தலை உள்ளே விழுந்து எங்கள் மடியெல்லாம் நனைந்தது. கடலில் கொந்தளிப்பே இல்லாத நாளில். தம்பி “ஹோய்” என்று கத்திச் சிரித்தான். சித்தப்பா திரும்பி அமரத்தைப் பார்த்தார். பின்பக்க விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. ஐந்து ஆள், வலை இல்லை, ஐஸ் இல்லை, மீன் இல்லை. காலிப் படகு.

வெளியே போனதும் தம்பி கைப்பிடியை வாங்கிக்கொண்டான். அவன் அப்படி உட்கார்ந்திருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முதுகு நிமிர்ந்து, ஒரு காலை மடக்கி, முகத்தில் உப்புத் தண்ணீர் வழிய. படகுக்கு அவன் பெயர்கூட யோசித்து வைத்திருந்தான் என்று அவன் மனைவி பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

செல்போனில் வேகம் பார்த்தேன். முழு விசையில் தெற்கு நோக்கி 4.6 நாட், அதாவது மணிக்கு 4.6 கடல் மைல். திரும்பி வடக்கு நோக்கி 6.1. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 5.3 சொச்சம். இந்த இரண்டு பக்கக் கணக்கு முக்கியம். மே மாதத்தில் எங்கள் கடலில் நீவாடு, அதாவது நீரோட்டம், வடக்கே இழுக்கும். விற்பவர் “ஆறுக்கு மேல போவும் தம்பி” என்று சொன்னது பொய்யல்ல, வடக்கே போனால் போகும். இதே நீளம், இதே எஞ்சின் உள்ள எங்கள் ஊர்ப் படகு காலியாக இருந்தால் ஆறரை தொடும். புகையும் கறுப்பாக வந்துகொண்டிருந்தது. டீசல் எஞ்சினில் நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்பு என்றால் ஊற்றுகிற டீசல் முழுதாக எரியவில்லை, பெரும்பாலும் சுமை தாங்காமல் திணறுகிறது என்று அர்த்தம். காலிப் படகில் என்ன சுமை?

“விசிறியில பாசி சுத்தியிருக்கும்” என்றார் விற்பவர். வேகத்துக்கு அது பதில். புகைக்கு, பழைய டீசல். அலை உள்ளே விழுந்ததற்கு, எங்களுக்குப் படகு பழக்கமில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருந்தது; ஒவ்வொரு பதிலும் நடக்கக்கூடியதுதான். என்னைச் சங்கடப்படுத்தியது வேறு. கொஞ்ச நேரத்தில் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தம்பி பதில் சொல்லத் தொடங்கியிருந்தான். “விசிறிய மாத்திட்டா சரியாயிடும்ணே.” “சர்வீஸ் பண்ணா புகை நின்னுடும்.” விற்பவர் பிறகு பேசவே இல்லை, பீடி பற்றவைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். அவருடைய வேலையை எங்கள் வீட்டுப் பையனே செய்துகொண்டிருந்தான்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? எஞ்சின் சூட்டைப் பார்த்தவன், மௌனமாக இருந்தவன். நகை வட்டியும் முன்பணமும் மூன்று பேருக்கும் முன்னால் படகில் ஏறி உட்கார்ந்திருந்தன.

கரை பனைமரத் தலைகளாகத் தெரிகிற தூரத்தில் சித்தப்பா முதன்முதலாக வாயைத் திறந்தார்.

“எஞ்சின நிறுத்து.”

“எதுக்குண்ணே? நல்லாத்தான ஓடுது.”

“நிறுத்தச் சொல்றேன்ல.”

நிறுத்தினார்கள். லாங் டெய்ல் எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் இருப்பவன் காதில் கத்த வேண்டும்; அது நின்றதும் உலகமே நின்ற மாதிரி இருந்தது. படகு மெல்ல உருண்டது. இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது. அப்போதுதான் எங்கள் காலுக்கு அடியில், தளத்துக்குக் கீழே, கேட்டது. பாதிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தால் வருமே, அந்தச் சத்தம். களக். படகு மறுபக்கம் சாய்ந்தது. களக்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விற்பவருடைய ஆள் குனிந்து செருப்பைத் தேடினார். காலில்தான் இருந்தது.

மூடின தளத்துக்குள் தண்ணீர் போனால் வெளியே வர வழியில்லை. தெர்மாகோல் வேறு வருடக்கணக்கில் மெல்ல மெல்ல ஊறும். ஒரு லிட்டர் கடல்தண்ணீர் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். உள்ளே 300 லிட்டர் நின்றால் ஐந்து தடிமாடுகளைச் சம்பளமில்லாமல் நிரந்தரமாக ஏற்றிக்கொண்டு திரிகிறோம் என்று அர்த்தம். வேகம் குறைந்தது, கறுப்புப் புகை, அமரம் அமிழ்ந்தது, அணியம் தூக்கத் தாமதித்தது, டிராக்டர், மொத்தைச் சத்தம், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு “களக்” போதும். அதைவிட மோசம், கனம் ஒரே இடத்தில் நிற்காமல் சாய்கிற பக்கமே ஓடுவது. அலைவாயில் படகு பக்கவாட்டில் திரும்பிவிட்டால் கவிழ்வதற்கு அது பெரிய ஒத்தாசை.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. சூடாகவே இருந்த எஞ்சின், காலையில் ஒரே இழுப்பில் பிடித்த எஞ்சின். தம்பி இழுத்தான், அந்த ஆள் இழுத்தார், விற்பவரே இழுத்தார். படகு நீவாட்டோடு வடக்கே போய்க்கொண்டிருந்தது. வெயில் ஏறியது. நான் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தேன், அதையும் கடல் ஞாபகப்படுத்தியது.

கடைசியில் சித்தப்பாதான் டீசல் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனார். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் பிளாஸ்டிக் குழாய், வளைகிற இடத்தில் வெயில் பட்டு வெடித்து, முடி அகலத்துக்கு ஒரு கீறல். டீசல் அதிகம் ஒழுகவில்லை. ஆனால் உறிஞ்சும்போது காற்றையும் சேர்த்து உறிஞ்சியிருக்கிறது. கீறல் விழுந்த துண்டை வெட்டிவிட்டு மறுபடி மாட்டினார்கள். இன்ஜெக்டருக்குப் போகும் குழாயின் நட்டைத் தளர்த்தி, கயிற்றை மெதுவாக இழுக்க இழுக்க அதன் வாயில் நுரை நுரையாக வந்தது. நுரை நின்று வெறும் டீசல் வந்த பிறகு நட்டை இறுக்கினார்கள். ஏர் எடுப்பது என்று சொல்வார்கள். பிறகு ஆறாவது இழுப்பில் பிடித்தது. 40 நிமிடம் போயிருந்தது. குழாயின் விலை நூறு ரூபாய்கூட இருக்காது. அந்த நூறு ரூபாயைச் செலவழிக்காதவர் வேறு எதற்குச் செலவழித்திருப்பார்? வர்ணத்துக்கு.

கரைக்கு வந்ததும் டிராக்டர் இழுத்தது. கயிறு விண்ணென்று இறுகி, பின்சக்கரம் மணலைத் தோண்டி, இரண்டு தடவை நின்று நின்று ஏறியது. டீசலை அளந்தேன். புறப்படும்போது டேங்கை விளிம்பு வரை நிரப்பியிருந்தோம். இப்போது எங்கள் கேனிலிருந்து மறுபடி விளிம்பு வரை ஊற்றினால் மூன்றரை லிட்டர் பிடித்தது. எஞ்சின் ஓடியது மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். ஒரு மணிக்கு இரண்டு லிட்டர் என்று சொல்லியிருந்தார்கள்.

சித்தப்பா அமரத்துக்கு அடியில் போய் மல்லாக்கப் படுத்துவிட்டார். புது வர்ணத்துக்கு மேல் காசு அளவுக்கு ஒரு மேடு. நகத்தால் சுரண்டினார். வர்ணம், அதற்குக் கீழே சாம்பல் நிற எம்சீல். அதையும் வண்டிச் சாவியால் நெம்பினார். விற்பவர் “அண்ணே, அண்ணே” என்று ஓடி வந்தார். அடைப்பு விழுந்ததும் உள்ளேயிருந்து தண்ணீர் பென்சில் கனத்துக்கு நூல் பிடித்தாற்போல் வந்தது. துருநிறத் தண்ணீர், பழைய மீன் நாற்றம். பத்து நிமிடம் ஆகியும் கனம் குறையவில்லை. தம்பி குனிந்து அதில் விரலை வைத்தான். எடுத்தபோது அவன் விரல் நுனியில் வெள்ளையாக ஜவ்வரிசி மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. தெர்மாகோல் மணி. பின்னால் இன்னும் இரண்டு மூன்று வந்தன. அவன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கடல்ல போற படகுல தண்ணி இல்லாம டீயா இருக்கும்?” என்றார் விற்பவர்.

நல்ல கேள்வி. சிரிப்புகூட வந்தது. பிறகு 40,000 குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். தளத்தை அறுத்து, ஊறின தெர்மாகோலை வாரி எறிந்து, காயவைத்து, தண்ணீர் எங்கே நுழைந்தது என்று கண்டுபிடித்து அடைத்து, புதிதாக நிரப்பி, மேட் வைத்து மூடி... அந்த 40,000 எந்த மூலைக்கு? உள்ளே எஞ்சின் உட்காரும் மரக்கட்டை உளுத்திருந்தால் அது தனி. தம்பி சரி என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். அவன் வண்டியை நோக்கி நடந்துவிட்டான்.

முன்பணம் 10,000-இல் 6,000 திரும்பி வந்தது, அதுவும் மூன்று வாரம் கழித்து. எழுத்து இல்லை, சாட்சி இல்லை. ஒரு வெள்ளைத்தாளில் “கடலில் ஓட்டிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் முழுதும் திருப்பித் தரப்படும்” என்று ஒரு வரி எழுதி வாங்கியிருக்கலாம். எழுதித் தர மறுத்திருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

திரும்பி வரும் வழியில் நாகூரில் டீ குடித்தோம். தம்பி குடிக்கவில்லை. “நீங்க வராம இருந்திருந்தா வாங்கியிருப்பேன்” என்று சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னான். கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்னமும் தெரியாது. சித்தப்பா “ஆமா” என்றார்.

அடுத்து இரண்டு படகு பார்த்தோம், ஜூலையிலும் ஆகஸ்டிலும், விசைப்படகுகள் கடலுக்குத் திரும்பிய பிறகு. இந்தத் தடவை நேரத்தை நாங்கள் சொன்னோம். மதியம் பன்னிரண்டு மணிக்கு, காற்றும் அலையும் இருக்கும்போது. சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நின்றோம். போனதும் முதல் வேலை எஞ்சின்மேல் கை வைப்பது. சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு அது ஆறும்வரை காத்திருப்பது என்று முடிவு. முகத்தைச் சுளிப்பவர் சுளித்துக்கொள்ளட்டும்.

காலிப் படகில் போவதில்லை என்றும் வைத்துக்கொண்டோம். இது தம்பியின் யோசனை. ஆறு காலிச் சிமெண்டுச் சாக்கு கொண்டுபோய், கரையிலேயே மணல் நிரப்பி வாயைக் கட்டி ஏற்றினோம். சாக்கு ஒன்று 50 கிலோவுக்குக் குறையாது; வலையும் ஐஸும் ஏற்றின கனம் வந்துவிடும். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஜூலையில் பார்த்த படகுக்காரர் சாக்கைப் பார்த்ததுமே “எஞ்சின் கொஞ்சம் வேலையிருக்கு, அடுத்த வாரம் வாங்க” என்றார். மணல் நிரப்பியதுதான் மிச்சம், ஆனால் டீசல் மிச்சம்.

காகிதங்களைக் கடலுக்குப் போகும் முன்பே பார்த்துவிட வேண்டும். படகு பிடித்துப்போன பிறகு காகிதத்தில் குறை கண்டால் மனம் கேட்காது. பதிவு, 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டப்படி மீன்வளத் துறையில் இருக்கும். மோட்டார் பொருத்திய நாட்டுப்படகுக்கு எண்ணின் நடுவில் எம்.ஓ. என்றும் விசைப்படகுக்கு எம்.எம். என்றும் வரும். படகில் எழுதியிருக்கும் எண்ணும் புத்தகத்தில் இருப்பதும் ஒன்றுதானா, எஞ்சின் எண் பொருந்துகிறதா, படகுமேல் கடன் நிற்கிறதா, விற்பவர் பெயரில்தான் பதிவு இருக்கிறதா. மே மாதத்துப் படகின் புத்தகத்தை நாங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் பார்த்ததைத்தான் வாங்கினோம். 2,70,000. வர்ணம் உரிந்து, அழுக்காக, பார்வைக்கு ஒன்றுமில்லாத படகு. உடைமைக்காரர் எங்களைக் கண்டதும் முதலில் காட்டியது வலப்பக்கம் ஒரு ஒட்டு: “இங்க ஒரு தடவ கல்லுல மோதிட்டு. நானே மேட் வச்சேன், அவ்வளவு அழகா வரல.” சித்தப்பா காசால் தட்டினார். ஒட்டு உட்பட எல்லா இடத்திலும் “டிக்”. குளிர்ந்த எஞ்சின் ஏழாவது இழுப்பில் பிடித்தது. “காலையில அப்பிடித்தான் படுத்தும்” என்று அவரே சொன்னார். ஆறு சாக்கு மணலோடு, கொண்டலுக்கு எதிராகவும் காற்றோடும் ஒன்றரை மணி நேரம் ஓட்டினோம். நடுக்கடலில் நிறுத்தி, நாலு பேரும் ஒரே பக்கம் நின்று சாய்த்து, மூச்சுப் பிடித்துக்கொண்டு கேட்டோம். தண்ணீர் வெளிப்பக்கம் மட்டும்தான் தட்டியது.

குறை இல்லாமல் இல்லை. முதல் வடகிழக்குப் பருவத்திலேயே எஞ்சினுக்கு ரிங் மாற்ற வேண்டி வந்தது. அதைத் தெரிந்தேதான் வாங்கினோம்.

தம்பி இப்போதும் அலைவாய் தாண்டி வெளியே போனதும் எஞ்சினை ஒரு நிமிடம் நிறுத்திவிடுகிறான். மறுபடி கயிறு சுற்றி இழுக்க வேண்டும், கூட வருகிறவர்களுக்கு எரிச்சல்தான். ஆனால் யாரும் ஒன்றும் கேட்டதில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, சாமி கும்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.